மிச்சம் எங்கே போகிறது?

மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிய சொற்களால் தொல்லை இல்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது, கலைச்சொல் பட்டியல் இருக்கிறது, இரண்டும் கைவிட்டால் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிட்டுப் போகும் துணிச்சல் இருக்கிறது. உபத்திரவமெல்லாம் சின்னச் சொற்களில்தான். 'மெம்ப்ரேன்' வந்தால் சவ்வு. 'ஆஸ்மாஸிஸ்' வந்தால் சவ்வூடு பரவல். பள்ளிப் பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது. அதைத் திருப்பிப் போட்டால் எதிர்ச் சவ்வூடு பரவல். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்றாலும் பொருளில் பழுதில்லை. கேன் தண்ணீர் போடும் பையன் இதையே 'ஆர்.ஓ.' என்று இரண்டு எழுத்தில் முடித்துவிடுகிறான். ஆனால் 'ரிஜெக்ட்' என்ற சொல் வரும் இடத்தில் என் கை நின்றுவிடும்.

தொழிற்சாலைக் கழிவு நீரை நானோ பொருள்களால் ஆன சவ்வுகள் சுத்தம் செய்துவிடும் என்று அறிவிக்கும் கட்டுரைகள் ஆண்டுக்கு மூன்று நான்காவது என் மேஜைக்கு வருகின்றன. எழுதியவர் பெயர் மாறும், பரிசோதனைக்கூடம் இருக்கும் நாடு மாறும், கதை மாறாது. இந்தப் பக்கம் கறுப்பாகத் தண்ணீர் போகிறது, அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி வருகிறது, விஞ்ஞானி ஒரு டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவில் சிரிக்கிறார். சவ்வு தடுத்து நிறுத்திய சமாச்சாரம் என்ன ஆனது? அது கட்டுரையின் கடைசிக்கு முந்தைய பாராவில் 'ரிஜெக்ட்' என்ற ஒற்றைச் சொல்லாக வந்து போகும்.

'நிராகரிக்கப்பட்ட நீர்' என்று எழுதலாம். ஆனால் நிராகரிக்கப்படுவது விண்ணப்பம். அதைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது. 'கழிவு' என்று எழுதலாம். ஆனால் உள்ளே போனதே கழிவுதானே? வெளியே வந்ததில் ஒரு பங்குக்கு மட்டும் அந்தப் பெயரை எப்படிச் சூட்டுவது? இந்த உறுத்தல் மொழி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. என் அம்மா பிறந்த ஊர் நொய்யல் கரையில் இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்கு அது 'காஞ்சி மாநதி'. அதன் கரையில் உள்ள கொடுமணல்தான் பதிற்றுப்பத்து குறிப்பிடும் 'கொடுமணம்' என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே கல்மணிகள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆக, இந்த ஆற்றங்கரைக்குத் தொழில் புதிதல்ல. இரண்டாயிரம் வருஷப் பழக்கம். புதிதாக வந்து சேர்ந்தது உப்பு.

பருத்திக்குப் பெரும்பாலும் ஏற்றப்படுவது 'ரியாக்டிவ்' வகைச் சாயம். தண்ணீருக்குள் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டது, பருத்தி இழையின் மேற்பரப்பும் அப்படியே. ஆகவே ஒன்றையொன்று தள்ளும். இந்தப் பிணக்கைத் தீர்க்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 40 முதல் 80 கிராம் வரை. அடர்ந்த நிறத்துக்கு இன்னும் அதிகம். உப்பு கல்யாணத் தரகர் மாதிரி. ஜோடியைச் சேர்த்து வைத்துவிட்டு முழுசாக வெளியே வந்துவிடும். கூடவே இழையில் பிடிக்காத சாயமும் வரும். நாம் உடுத்தும் கறுப்பு பனியனுக்காகப் போட்ட உப்பு பனியனில் இல்லை. அவ்வளவும் ஏதோ ஒரு தண்ணீரில் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்று திட்டம். அணையில் வந்து நின்றதோ திருப்பூரின் சாயத் தண்ணீர். என் தாய்மாமா அப்போது முப்பது வயது வாலிபர். கிணற்றில் முதலில் மாறியது ருசி, பிறகு நிறம். மஞ்சள் போயிற்று, வாழை போயிற்று. உப்பைத் தாங்கக்கூடிய தென்னையும் கடைசியில் குரும்பை உதிர்த்தது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அம்மாயி அடுப்பங்கரையில் புலம்பியது எனக்கு நினைவிருக்கிறது. அணையைத் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய விவசாயிகளே திறக்காதே என்று கேட்ட விசித்திரமும் நடந்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவு நீரைக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகளின் பக்கமே நின்றது. உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று எழுநூற்றுக்கும் அதிகமான சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். வேலை போய் ஊர் திரும்பியவர்களில் எங்கள் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் அப்பாவின் கிணற்றைக் காப்பாற்றிய தீர்ப்பு மகனின் சம்பளத்தை நிறுத்தியது. மூடிய கதவுகள் மறுபடி திறக்க இருந்த வழி, தண்ணீரையும் உப்பையும் பிரித்து, தண்ணீரைத் திரும்ப ஆலைக்கே அனுப்புவது. அதாவது, சவ்வு.

சவ்வின் கதை பழையது. 1748-ல் பிரான்ஸில் நொல்லே என்ற பாதிரியார், சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் மூத்திரப்பைத் தோலால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். வெளித் தண்ணீர் உள்ளே புகுந்து தோல் புடைத்தது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும் என்பதுதான் இதன் சாரம். செறிவு மிகுந்த பக்கத்தில் பலமாக அழுத்தினால் தண்ணீர் எதிர்த்திசையில் வரும், உப்பு தங்கிவிடும். இதை நடைமுறைக்கு ஏற்றதாக்கியவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் வேலை பார்த்த இருவர். ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வு செய்தார்கள். மேலே மிக மெல்லிய, நெருக்கமான தோல். கீழே அதைத் தாங்கும் பஞ்சு போன்ற அடுக்கு. ஒருவர் பெயர் சிட்னி லோப். இன்னொருவர் பெயர் ஸ்ரீனிவாச சௌரிராஜன், இந்தியாவில் பிறந்தவர். ஆங்கிலப் பிரதியில் அந்தப் பெயர் எதிர்ப்பட்டதும் எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இந்த முறையில் குடிதண்ணீர் கிடைத்தது. நம் சமையலறைச் சுவரில் தொங்கும் பெட்டியும் அந்த வம்சம்தான்.

திருப்பூரில் பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனபோது மாமாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கேட்டிலேயே அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். எதிர்த் தரப்பின் வீட்டுக்குள் நுழைகிற தயக்கம். இன்ஜினியர் மரியாதைப்பட்டவர். "வாங்க, எல்லாத்தையும் பாருங்க. ஆத்துக்கு ஒரு சொட்டு விடறதில்லீங்க" என்றார்.

ஆலைகளிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் முதலில் பெரிய தொட்டியில் சேர்கிறது. நுண்ணுயிர்கள் தின்னக்கூடியதைத் தின்கின்றன. மிதப்பது, படிவது எல்லாம் பிரிகின்றன; நிறம் போக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் சவ்வு. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும் வெள்ளைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பாயைச் சுருட்டி வைத்தது போலச் சுருட்டிய சவ்வுகள். பம்புகளின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஒரு முனையில் தெளிந்த நீர் விழுந்தது. மாமா உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். "சப்புனு இருக்குது. நல்ல தண்ணிதான்" என்றார். இருபது வருஷ வழக்கின் எதிர்த் தரப்புக்கு அவர் கொடுத்த சர்டிஃபிகேட் அது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 100 லிட்டர் கழிவு நீரில் லிட்டருக்கு 6 கிராம் வீதம் 600 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சவ்வு 85 லிட்டரை நல்ல தண்ணீராகத் திருப்பித் தந்துவிட்டால் மீதி 15 லிட்டர். அந்த 600 கிராமும் ஏறக்குறைய அப்படியே அந்த 15 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 40 கிராம். கடல் நீரில் இருப்பதே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சவ்வு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பக்கம் கடலைவிடக் கரிக்கும்.

இதைத்தான் 'ரிஜெக்ட்' என்கிறார்கள். இதை மேலும் மேலும் பிழிந்து, கடைசியில் கொதிகலன்களில் ஆவியாக்குகிறார்கள். ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீர். அடியில் தங்குவது உப்பு. ஒரு ஆலை சாப்பாட்டு உப்பைப் போட்டிருக்கும், இன்னொரு ஆலை சோடியம் சல்ஃபேட்டைப் போட்டிருக்கும். சாயத்தின் மிச்சமும் சேர்ந்திருக்கும். இப்படிக் கலந்துபோன உப்பு துணிக்கும் ஆகாது, வேறு எதற்கும் ஆகாது. ஒரு கொட்டகையில் அது மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. பழுப்பு நிறம், ஈரப் பிசுபிசுப்பு.

"இதைய என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார் மாமா.

"பத்திரமா வெச்சிருக்கமுங்க. மழை படாம."

"எத்தனை நாளைக்குங்க?"

இன்ஜினியர் சிரித்தார். அந்தக் கேள்விக்கு அவர் பழகிப்போயிருந்தார்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் மாமா சொன்னார்: "முன்னெல்லாம் ஆத்துல போச்சு. இப்ப மூட்டையில இருக்குது. அவ்வளவுதான அம்மிணி?" அவ்வளவுதான் இல்லை, கூரைக்கு அடியில் இருக்கும் உப்பும் கிணற்றுக்குள் இருக்கும் உப்பும் ஒன்றா மாமா என்று கேட்டேன். சற்று யோசித்து, "அதுவுஞ் செரிதான்" என்றார். ஆனால் அவர் கேட்டதில் பாதி நியாயம் என்னோடு தங்கிவிட்டது. சவ்வு எதையும் அழிப்பதில்லை. பிரித்து வைக்கிறது. பிரித்ததில் ஒரு பங்குக்கு வீடு கிடைக்கிறது, இன்னொரு பங்கு தெருவில் நிற்கிறது.

அன்று 'ரிஜெக்ட்' என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைத்தது: எச்சம். மிஞ்சியது என்பது ஒரு பொருள். பறவை இடும் எச்சமும் அதுதான், ஒருவர் விட்டுச்செல்லும் சந்ததியும் அதுதான். இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப் பெறாத சொல். 'வந்த' என்றால் பெயரெச்சம், 'வந்து' என்றால் வினையெச்சம். வந்த யார், வந்து என்ன செய்தான் என்று சொல்லாமல் வாக்கியம் முடியாது. அந்தக் கொட்டகையில் அடுக்கியிருந்தது அப்படி முடியாமல் நிற்கும் வாக்கியம்தான்.

இனி நானோ விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு சொற்குழப்பம். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். 'நானோ ஃபில்ட்ரேஷன்' என்ற வடிகட்டல் எண்பதுகளிலிருந்தே இருக்கிறது. அதன் துளை ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் என்பதால் வந்த பெயர் அது. சவ்வென்னவோ சாதாரண பிளாஸ்டிக் வகைதான். நானோ பொருள்களால் ஆன சவ்வு வேறு. அதில் சவ்வைக் கட்டும் செங்கல்லே நானோ அளவில் இருக்கும். பல கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன; விற்பவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

இந்தத் துறையில் நம்மவர்கள் பங்கு சிறிதல்ல. 2004-ல் காசி இந்துப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், அமெரிக்காவின் ரென்சலேர் நிறுவனத்தாரோடு சேர்ந்து, கார்பன் நானோ குழாய்களாலேயே ஆன உருளை வடிகட்டியைச் செய்து காட்டினார்கள். அது தண்ணீரிலிருந்து பாக்டீரியாவையும் போலியோ வைரஸையும் நிறுத்தியது. 2007-ல் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், ஆர்.ஓ. சவ்வின் மெல்லிய தோலுக்குள் ஸியோலைட் என்ற கனிமத்தின் நானோ துகள்களைப் பதித்துத் தண்ணீர் சுலபமாகப் போகச் செய்தார்கள். அது கடைச் சரக்காகவும் ஆயிற்று. 2012-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கேரளத்தைச் சேர்ந்த ராகுல் நாயரும் சகாக்களும் கிராஃபீன் ஆக்ஸைடு தாள்களை அடுக்கிச் செய்த சவ்வு, ஹீலியம் வாயுவைக்கூட விடாமல் நீராவியை மட்டும் தாராளமாக விட்டது. விஞ்ஞான உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தண்ணீருக்குள் போட்டதும் அந்த அடுக்கு ஊறிய அவல் போல உப்பியது. இடைவெளி பெரிதாகி, உப்பு நழுவிப் போயிற்று. அடுக்கை எபாக்ஸிப் பசையால் இறுக்கிப் பிடித்து, உப்பையும் வெகுவாகத் தடுக்க அதே குழு 2017-ல் வழி கண்டது. பரிசோதனைக்கூடத்தில் உள்ளங்கை அளவு செய்ததைத் தொழிற்சாலைக்கு ஏக்கர் கணக்கில், ஓட்டை ஒன்றுகூட இல்லாமல், செய்தாக வேண்டும். விவகாரமெல்லாம் அங்கேதான்.

தண்ணீர் பல மடங்கு வேகமாகப் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரைகளின் தலைப்புச் செய்தி. வேகம் நல்லதுதான், சவ்வின் பரப்பு குறையும். ஆனால் உப்பிலிருந்து தண்ணீரைப் பிரிக்க இவ்வளவு ஆற்றலாவது வேண்டும் என்று இயற்கை ஒரு விலை வைத்திருக்கிறது. உப்பு செறியச் செறிய அந்த விலை ஏறும். எந்த நானோ பொருளாலும் அதில் பேரம் பேச முடியாது. வேகமான சவ்வு எச்சத்தை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான்.

என் நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. சாயத்தின் மூலக்கூறு பெரியது. உப்பின் அயனிகள் சின்னவை. துளையை நானோமீட்டரின் பின்னத்தில் அளந்து செய்ய முடிந்தால், சாயத்தை நிறுத்திவிட்டு உப்பையும் தண்ணீரையும் சேர்த்தே போகவிடும் சவ்வு சாத்தியம். அந்த உப்புத் தண்ணீரை அடுத்த துணிக்கான சாயத் தொட்டியில் ஊற்றலாம். உப்பு மூட்டைக்குப் போகாது, தரகு வேலைக்கே திரும்பிவிடும். இது வெறும் கனவல்ல. திருப்பூர் அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில், செறிந்த உப்பு நீரை ஆலைகளுக்கே திருப்பிக் கொடுத்துச் சாயம் ஏற்றலாம் என்று 2011 நெருக்கடிக்குப் பிறகு செய்து காட்டினார்கள். ஆலைகள் ஒரே வகை உப்பைப் பயன்படுத்தினால் வேலை இன்னும் சுலபம். நானோ பொருள்கள் தர வேண்டியது இந்தத் துல்லியத்தைத்தான். நல்ல தண்ணீரைப் பிரிக்கும் சவ்வு நம்மிடம் இருக்கிறது; எச்சத்தை வகை பிரிக்கும் சவ்வுதான் இனி வேண்டும்.

அதுகூட எல்லா ஊருக்கும் உடனே உதவாது. நானோ வடிகட்டி பிறந்த காசியிலிருந்து கங்கையை எதிர்த்துப் போனால் கான்பூர். அங்கே ஜாஜ்மாவ் தோல் தொழிற்சாலைகளின் கழிவுக்காக 1994-ல் பொது சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் தோல் கழிவோடு 270 லட்சம் லிட்டர் சாக்கடையைக் கலந்து சுத்திகரிக்கும் ஏற்பாடு. குரோமியம், சல்ஃபைடு, கொழுப்பு, ரோமம் எல்லாம் சேர்ந்து வரும் அந்தத் தண்ணீரை நேராக விட்டால், எவ்வளவு உசத்தியான சவ்வும் வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே முதலில் வேண்டியது தனித்தனிக் கால்வாயும், குரோமியத்தை ஆலைக்குள்ளேயே மீட்கும் ஒழுங்கும், ராத்திரியிலும் நிற்காத மின்சாரமும். ராஜஸ்தானின் பாலியில் மழைக்கு மட்டும் ஓட வேண்டிய பண்டி ஆறு சாயத் தண்ணீரால் ஓடியது. அங்கும் கிணறுகள் கெட்டன, விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். மாமாவை அந்த ஊரில் இறக்கிவிட்டால் பாஷை புரியாது. வழக்கு முழுக்கப் புரியும்.

மாமாவின் கிணறு இன்னும் முழுதாகத் தேறவில்லை. மழை கூடுதலாகப் பெய்த வருஷம் தென்னை காய்க்கிறது, மழை தவறினால் உப்பு மேலே வருகிறது. நிலத்துக்குள் போன எச்சத்துக்குச் சவ்வு போட முடியாது, மழைதான் சவ்வு. அதற்கு அவசரம் தெரியாது.

நானோ சவ்வுக் கட்டுரைகள் இப்போதும் வருகின்றன. மொழிபெயர்க்க உட்காருவதற்கு முன்னால் எழுதியவருக்கு ஒரு கேள்வி அனுப்புகிறேன்: சவ்வு தடுத்து நிறுத்தியது எவ்வளவு, அதை யார், எங்கே, எத்தனை காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள்? பதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார், எங்கள் கட்டுரையில் அதுவே நல்ல பகுதியாக அமைந்தது. பதில் வராதபோது, எச்சம் என்று எழுதி, வாக்கியத்தை அதோடு முடிக்காமல், "அது எங்கே போகும் என்பது இந்த ஆய்வில் சொல்லப்படவில்லை" என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆசிரியர் குழுவில் இதுவரை யாரும் அந்த வரியை வெட்டவில்லை.